கழுத்து இறுக்காத தோட்டாக்கள்

ஒக்கவாங்கோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேட்டைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வழிகாட்ட ஃப்ளோரிஸைத்தான் கேட்டு வருவார்கள். அவன் துப்பாக்கிக்குத் தோட்டா செய்கிறவள் அவன் மனைவி ஹெஸ்டர். காபிக்குச் சர்க்கரை போட்டாலே பாதியைக் கீழே சிந்துகிற கை ஃப்ளோரிஸுடையது. அதை நம்பி வெடிமருந்தை அளக்க விட முடியுமா? கல்யாணமான வருஷமே சாமான் அறை மேசையில், கூட்டுக்குள் குண்டை அழுத்தி வைக்கும் கருவியைத் திருகி வைத்து அவளே உட்கார்ந்துவிட்டாள்.

முன்பு ஈயக் குண்டுதான். அது எலும்பில் பட்டால் சிதறும். முழுச் செம்புக் குண்டோ காட்டெருமையின் தோளுக்குள் நேராகப் போகும். ஆனால் அதே எடைக்கு நீளம் கூடுதல். பித்தளைக் கூட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும், மருந்துக்கு இடம் குறையும். அதற்கென்று மருந்தை வேறு அளவில் போட வேண்டும். கடைசியாகக் கூட்டின் கழுத்தைக் குண்டின் மேல் இறுக்கவும் வேண்டும். மான் சுடும் சின்னத் துப்பாக்கிக்கு அந்த இறுக்கல் இல்லாவிட்டாலும் ஓடிவிடும். இந்தப் பெரிய துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும். ஒன்றைச் சுட்டால், உள்ளே காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் இறுக்காத குண்டு அந்த உதையில் கூட்டுக்குள் சறுக்கிவிடும். பிறகு அதைச் சுட்டால் அழுத்தம் எகிறும், அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்கிற போல்ட் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லாவற்றிலும் குண்டு வைத்து முடித்தாள். இறுக்குவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சாஸேஜ் போட இறைச்சியோடு வந்து நின்றார்கள். அரைக்கிற எந்திரத்துக்கும் அதே மேசைதான். தட்டில் நின்ற தோட்டாக்களைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறைச்சியில் கை வைத்தாள்.

மறுநாள் மதியம் சாமான் அறைக்குப் போனால் பெட்டியைக் காணோம்.

காலையில் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் காட்டெருமையைக் காயப்படுத்திவிட்டார், அது புதருக்குள் போய்விட்டது என்று ஃப்ளோரிஸ் வீட்டுக்கு ஓடிவந்தது அவளுக்கு நினைவு வந்தது. அவள் கோழிகளோடு இருந்தாள். அவன் போகும்போது கையைக் கூட ஆட்டவில்லை. பெட்டியை அவன்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

வண்டியோடு பேசும் வானொலியை எடுத்துக் கூப்பிட்டாள். வண்டியிலிருந்து விருந்தாளிதான் பேசினார். ஃப்ளோரிஸும் தடம் பார்க்கும் சிமாசிகுவும் நடந்து உள்ளே போய்விட்டார்களாம். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"ஹாரன் அடிங்க," என்றாள் ஹெஸ்டர். "அவன திரும்பி வரச் சொல்லணும்."

"அடிச்சா எருமை மிரண்டு அவங்க மேலயே பாஞ்சிடாதாங்க?"

பாயும். அது அவளுக்கும் தெரியும். அடிக்க வேண்டாம் என்றாள்.

அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. அடுப்பை அணைத்தாள், திரும்பப் பற்றவைத்தாள். ஒலிவாங்கியை வைக்க மனம் வரவில்லை. முதல் குண்டு எப்படியும் சரியாகத்தான் போகும். இரண்டாவதில்தான் பயம். இரண்டாவது தேவைப்படக் கூடாது. அதை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வெடி கேட்டுச்சு," என்றார் விருந்தாளி.

இன்னொன்று கேட்டதா என்றாள். இல்லை என்றார். அதை நல்லதாக எடுத்துக்கொள்வதா, கெட்டதாகவா? சுட நேரம் தராமல் எருமை பாய்ந்துவிட்டாலும் இன்னொரு வெடி கேட்காதே.

நெடுநேரம் வானொலி கரகரத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஃப்ளோரிஸின் குரல். ஈரலை எடுத்து வருகிறேன், வெங்காயம் நறுக்கி வை என்றான்.

சாயங்காலம் அவன் பெட்டியைச் சமையலறையில் வைத்தான். துப்பாக்கியில் மிச்சமிருந்தவை மேலே கிடந்தன. ஹெஸ்டர் எடுத்துப் பார்த்தாள். செம்பு மூக்குகள் கூட்டுக்குள் இறங்கியிருந்தன. ஒரே உதைக்கே.

"இதெல்லாம் இறுக்காதது," என்றாள். "பாத்து எடுத்துட்டுப் போகத் தெரியாதா உனக்கு?"

அவன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"தட்டுல இருக்கறதத் தொடாத, பெட்டிக்குள்ள வந்தா முடிஞ்சதுன்னு இத்தன வருஷமாத் திட்டினது யாரு?"

நாளைக்கும் அவன் போவான். புதருக்குள் என்ன நடக்கிறது என்பது நாளைக்கும் இந்த வானொலியில் கேட்கப் போவதில்லை. ஈரலை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கெட்டுப்போன தோட்டாக்களைப் பிரிக்கச் சாமான் அறைக்குப் போனாள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மறுபடி தட்டில் நிறுத்தினாள்.