கண் திறக்காத கவர்னர்

ஜலஜா ஜெயித்ததையெல்லாம் அக்கா சாந்தி வரிசையாகச் சொல்வாள். மதுரையில் பேனர் வரையும் கம்பெனியில், பொம்பளைப் பிள்ளை சாரத்தில் ஏறக் கூடாது என்றவர்கள் கீழே நிற்க, மேலே ஏறி மந்திரிகளுக்கு மூக்கு வரைந்தாள். சைக்கிள்கூட ஓட்டாதவள் நியூ ஜெர்சி வந்து, பனி கொட்டுகிற மாதத்தில் லைசென்ஸ் வாங்கினாள். கடைசியாக நியூவர்க்கில் ஒரு போர்த்துக்கீசிய ரெஸ்டாரன்டின் சுவர். ஓவியக் கல்லூரியில் படித்த இரண்டு பேர் வரைந்து காட்டியும், பத்தாவதோடு நின்ற தன் தங்கைக்குத்தான் அது கிடைத்தது என்று சொல்லும்போது சாந்தியின் குரல் ஒரு படி ஏறிவிடும்.

ஜலஜாவின் கணவர் சேனாபதி ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்கில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்டர். ஆபீஸ்காரர்களோடு அங்கே சாப்பிடப் போனவர், ஓனர் மொரெய்ரா வெறும் சுவரைப் பார்த்துப் புலம்புவதைக் கேட்டு, தன் மனைவி வரைவாள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஜூன் பத்தாம் தேதி போர்ச்சுகல் தினம். அன்றைக்குப் புது ஹாலைத் திறக்க வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கோவாவையும் மலாக்காவையும் பிடித்து கவர்னராக இருந்த கப்பல் தளபதி அல்புகர்க் அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும். பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் வெள்ளையடித்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று மொரெய்ரா முதலிலேயே சொல்லிவிட்டார். ஜலஜாவுக்கு அந்த வசந்தத்தில்தான் கிரீன் கார்டு வந்திருந்தது. இந்த நாட்டில் அவளுக்கு இதுதான் முதல் வேலை.

அல்புகர்க் என்றால் அக்கா தங்கை இருவருக்கும் தெரிந்தது, பள்ளிக்கூட வரலாற்றில் வந்த ஒரு வரிதான்: கோவாவில் உடன்கட்டை ஏறுவதைத் தடுத்தவர். ஜலஜாவுக்கு அது போதவில்லை.

"எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியாம மூஞ்சியை எப்படிக்கா வரையறது?"

ஈஸ்ட் பிரன்ஸ்விக் லைப்ரரியிலிருந்து புத்தகங்கள் வந்தன. சனிக்கிழமைகளில் சேனாபதி வாசித்துத் தமிழில் சொல்வார். கோவாவைப் பிடித்ததும் அந்த ஊர் முஸ்லிம்களை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் கொன்றுபோட்டதாக ஒரு பக்கம் சொன்னது. அவர் செத்த பிறகு, அதே கோவாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் அவர் சமாதிக்குப் போய், புதிதாக வந்த அதிகாரிகளின் அநியாயத்தை முறையிட்டார்களாம் என்று இன்னொரு பக்கம் சொன்னது. மலாக்காவில் ஒரு தமிழ் வியாபாரிக்குப் பெரிய பதவி கொடுத்ததும் வந்தது.

"நம்ம ஆளுக்கு அப்பவே ப்ரமோஷன் குடுத்திருக்கான் மதினி. என் மேனேஜருக்கு இவன் தேவலை," என்றார் சேனாபதி.

சாந்தி சிரிக்கவில்லை. கொன்றவனின் சமாதிக்கே போய் அழுதார்கள் என்றால், பின்னால் வந்தவன் எப்படி இருந்திருப்பான்? இல்லை, எழுதினவர்கள் கட்டிவிட்ட கதையா? சாந்தியும் சேனாபதியும் அதையே பேசினார்கள். ஜலஜா மட்டும் பேச்சைக் கேட்டபடி, இட்லித் தட்டில் ஒட்டியிருந்த சட்னியை விரலால் இழுத்து முழி முழியாக வரைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக் காரை சேனாபதி ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுவதால், மே மாதம் முழுக்க, பகலில் பக்கத்துத் தெருவில் இருந்த சாந்தி தன் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தாள். இடுப்பு வரைக்கும் வெள்ளைத் தாடி, கறுப்பு வெல்வெட் சட்டை, பின்னால் கப்பல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கண்கள் மட்டும் பாக்கி. பேனர் கம்பெனியில் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதுவும் நல்ல நேரம் பார்த்து. முடித்த அன்று செவ்வாய்க்கிழமை. அதனால் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். இதை மொரெய்ராவிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மொரெய்ரா தன் கிளப் நண்பர்கள் இரண்டு பேரோடு அன்றைக்கே பார்க்க வந்தார். சுவரில் அவர்களுடைய வீரர், முழியே இல்லாத வெள்ளைக் குழிகளோடு நின்றார். நண்பர்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். மொரெய்ராவின் காது மடல் சிவந்தது.

"நீங்க கோவாக்காரியா?" என்று கேட்டார். "பழி வாங்கறீங்களா?"

ஜலஜா, தான் திருமங்கலம் என்றாள். அது அவருக்கு ஒன்றையும் விளக்கவில்லை. நாளைக் காலையில் வெள்ளையடிக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். சாந்திக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆனாலும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கண் வைத்தால்தான் உயிர் வரும், உயிர் கொடுக்க நாள் பார்க்க வேண்டும், எங்கள் பக்கம் எல்லாப் படத்துக்கும் இதுதான் மரியாதை என்று கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடித்தாள்.

மொரெய்ரா சுவரையே பார்த்தார். "நாள் மட்டும்தான் காரணமா?"

"இல்லை," என்றாள் ஜலஜா. "என்ன பார்வை வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. அவர் கொன்னதையும் படிச்சேன். அவர்கிட்டப் போய் அழுததையும் படிச்சேன்."

மொரெய்ரா கிட்டே போய் அந்த வெள்ளைக் குழிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, வெள்ளையடிக்கிற ஆளைப் பத்து மணிக்கு வரச் சொல்கிறேன், அதற்கு முன்னால் நானும் வந்து பார்க்கிறேன் என்றார்.

காலையில் சமையலறை ஆட்கள்கூட வேலையை விட்டு வந்து நின்றார்கள். ஜலஜா சாரத்தில் ஏறி முதலில் வலது கண், பிறகு இடது கண் திறந்தாள். கடலைப் பார்க்கிற பார்வை இல்லை. வாசலைப் பார்த்தது, யாரோ உள்ளே வந்து கேட்கப்போகிற கேள்விக்குத் தயாராக இருப்பவரைப் போல.

மொரெய்ரா வாசலில் போய் நின்று பார்த்தார். ஒரு மேஜையில் உட்கார்ந்தார், எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தார்.

"என் மாமனார் பார்க்கிற மாதிரியே இருக்கு," என்றார். "இருக்கட்டும். சாப்பிட வர்றவன் பில்லை ஒழுங்கா கட்டுவான்." வெள்ளையடிக்கிறவனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் பெயர் எங்கே என்று கேட்டார்.

ஜலஜா அக்காவைப் பார்த்தாள். மதுரையில் எத்தனையோ முகம் வரைந்திருக்கிறாள், ஆனால் கீழே கம்பெனி பெயர்தான் இருக்கும். சாந்தி சின்ன பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். ஜலஜா குனிந்து, கவர்னரின் பூட்ஸுக்கு ஓரமாக, தமிழில் தன் பெயரை எழுதி, அடியில் தேதியும் போட்டாள்: 2.6.1999.