இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் அக்கா சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். காலையிலிருந்து இரண்டு வக்கீல்களின் வாய்ச்சண்டையை டைப் செய்து விரல் நோகிறது, இனி இந்த அம்மா வேறு ஆரம்பிக்கப் போகிறாரே என்று. நான் அந்த நடுவர் மன்றத்தின் டைப்பிஸ்ட். பேசுவது அவர்கள், கை வலிப்பது எனக்கு.

வழக்கு இதுதான். ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையது. கட்டடத்தைக் கட்டி இருபது வருஷம் பராமரிக்க வேண்டியது ஒரு கம்பெனி. ஒரு லிஃப்ட் வருஷத்தில் ஐம்பது தடவைக்கு மேல் பழுதாகி நின்றால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்று அதில் ஒரு ஷரத்து. மூன்றாம் நம்பர் லிஃப்ட் அறுபத்தொரு தடவை நின்றதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. அரசாங்கம் விடாக்கண்டன், கம்பெனி கொடாக்கண்டன். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் முடியும் என்று, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக வைத்து, ஒரு வாடகை அறையில் ஏழு மாதமாக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நசுங்கியவர் மெக்கானிக். மெஷினை மூன்று முறை பிரித்துப் பார்த்தும் ஒரு கோளாறும் அகப்படவில்லை. கம்பெனி பழியைத் தூக்கி அவர் தலையில் கட்டி, வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டது. இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. அந்த நோட்டீஸையும், லிஃப்ட் நின்ற தேதிப் பட்டியலையும் அக்காவிடம் காட்டிப் புலம்பியிருக்கிறார். பட்டியலைப் படித்த அக்கா, தானே சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லிவிட்டார்.

அக்கா அந்த லிஃப்டை ஓட்டிப் பதினோரு வருஷம். "தினமும் நூறு தடவை மேல போறேன், சம்பளம் மட்டும் கீழயே நிக்குது" என்று சிரிக்கிறவர். லிஃப்ட் பழுதானதா என்று கம்பெனி கேட்டபோது இல்லை என்றார். அது கிட்டத்தட்ட உண்மைதான். நீங்கள் நிறுத்தினீர்களா என்று யாரும் கேட்கவில்லை. லிஃப்டை நிறுத்தும் பட்டனை அமுக்கினாலும் கம்ப்யூட்டர் அதைப் பழுது என்று எழுதிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது.

"நீங்களே நிறுத்தினீங்களா? எதுக்கும்மா?" என்றார் நடுவர்.

"அஞ்சாவது மாடியில தீவிர சிகிச்சைங்க ஐயா. அங்க யாராவது தவறிட்டா வீட்டுக்காரங்க என் லிஃப்ட்லதான் இறங்குவாங்க. நான் சேர்ந்த புதுசுல ஒரு அம்மா, கீழ கதவு திறந்ததும் கூட்டத்தைப் பார்த்துட்டு, இன்னொரு தடவை மேல போயிட்டு வரலாமான்னு கேட்டாங்க. நாலு தடவை போய் வந்தோம். ஒவ்வொரு மாடியிலயும் யாராவது ஏறிக்கிட்டே இருந்தாங்க. அவங்களால அழவே முடியல. அதுலேருந்து ரெண்டாவதுக்கும் முதலாவதுக்கும் நடுவுல சிவப்பு பட்டனை அமுக்கிடுவேன். இங்க யாரும் வரமாட்டாங்க, அழுதுக்கோங்கன்னு சொல்லிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்குவேன்."

நான் டைப் செய்வதை விட்டுவிட்டேன். நடுவரும் என்னைக் கண்டிக்கவில்லை.

அரசாங்க வக்கீல் சும்மா விடுவாரா? "அவசர நோயாளி காத்திருந்தா என்ன ஆகும்?"

"பக்கத்துல இன்னும் மூணு லிஃப்ட் ஓடுதுங்க. அவசர மணி அடிச்சா உடனே கிளப்பிடுவேன்."

"அறுபத்தொண்ணும் அப்படி நிறுத்தினதுதானா?"

அக்கா பட்டியலை வாங்கி விரல் வைத்துப் படித்தார். "இது ஒரு வாத்தியார், அவர் சம்சாரம் போனப்போ. இது அம்மாவும் மகளும், அழற நேரத்துலயும் சண்டை, நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பினேன். இந்த ரெண்டும் என்னுது இல்லீங்க. அன்னிக்கு நிஜமாவே மாட்டிக்கிட்டோம்." கம்பெனி வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க ஐயா. அந்தத் தம்பி மேல தப்பே இல்ல."

'இந்த அம்மா வேறு' என்று காலையில் அலுத்துக்கொண்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே சமரசம் ஆனது. மெக்கானிக்கின் நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள், அக்காவின் வேலைக்கும் ஆபத்தில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது என்று முடிவு: உறவினரை இழந்தவர்களுக்காக ஆபரேட்டர் லிஃப்டை நிறுத்தினால் அது பழுது ஆகாது. எத்தனை நிமிஷம் வரை? அங்கே மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஐந்து என்றார், மற்றவர் பத்து. நடுவர் அலுத்துப்போய் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வயசானவங்க போயிருந்தா அஞ்சு போதுங்க. புருஷன் பொண்டாட்டின்னா பத்து." பிறகு குரல் தணிந்தது. "புள்ளையைப் பறிகுடுத்தவங்களுக்கு மட்டும் நிமிஷம் போடாதீங்க ஐயா. அவங்களா போலாம்னு சொல்ற வரைக்கும் இருக்கட்டும்."

நடுவர் இரண்டு வக்கீல்களையும் பார்த்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக இருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

"நிமிஷக் கணக்கையே எடுத்துடுங்க" என்றார் என்னிடம். "அந்தம்மா கடைசியா சொன்னதையே எல்லாருக்கும் போடுங்க."

"அவர்கள் போகலாம் என்று சொல்லும் வரை" என்று டைப் செய்தேன். சரிபார்க்கத் திரையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.