பின்விளக்கு

எங்கள் மாமா பெண் பார்த்த காரியம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. பற்றரி பார்த்த காரியம்தான் ஒரு கிழமை இழுத்தது. நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெண்ணை ஒரே பார்வை பார்த்துவிட்டு "எனக்குச் சம்மதம்" என்று எழும்பி வந்த மனிதர், பற்றரியைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சனம் மின்சார வெளிச்சத்தை பஸ்ஸின் நெற்றியில் மட்டுமே கண்டிருந்த காலம் அது.

எங்கள் ஊர் பொழுது எழும் பக்கம், எழுவான்கரையில். பெண் வீடு ஆற்றுக்கு அங்கால், பொழுது படும் படுவான்கரையில். புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்கு. ஆகவே மாமா மாப்பிள்ளைத் தோணியில் ஏறினால் ஏறியதுதான். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய் நேரத்தோடு செத்துப்போனதால் அம்மாதான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே என் அப்பாவும் காய்ச்சலில் போய்விட்டார். அப்பா இல்லாத காரணத்தால் அம்மா மாப்பிள்ளைத் தோணியில் ஏற முடியாது. நல்ல காரியத்துக்குத் தாலி இழந்தவள் முன்னால் வரக்கூடாதாம். யார் போட்ட சட்டமோ, அது நாசமாய்ப் போக!

கலியாணத்துக்கு நாள் குறித்த அன்று மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"நீங்க எல்லாரும் போயிருவீங்க. கச்சான் காத்து வேற முகத்துல அடிக்கும். அங்கால போய்ச் சேர்ந்திட்டியா இல்லையா எண்டு இஞ்ச நிக்கிற எனக்கு எப்பிடிடா தெரியும்? போன வருசம் அந்தக் கலியாணத் தோணியில லாம்பு நடு ஆத்துல நூந்து ஒரே இருட்டாப் போய், கரையில நிண்ட பொம்புளையள் என்ன பாடுபட்டாளுகள்!"

மாமா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். அடுத்த நாள் காலையில், "தோணிக்குப் பற்றரி லைட் பூட்டப் போறன்" என்றார். எனக்கோ சந்தோசத்தில் தலைகால் தெரியாத புளுகம். எங்கள் மாமா எப்பேர்ப்பட்ட நாகரிகக்காரர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்கு ஒன்பது வயது. வாய் அதைவிட மூத்தது.

விஷயம் சித்தப்பாவின் காதுக்குப் போயிற்று. சித்தப்பா என்றால் சின்னம்மாவின் புருசன். ஊரில் எந்தக் கலியாணம் நடந்தாலும் தானே மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும் ஆள். பழுதாய்ப்போன கார் ஒன்றிலிருந்து கழற்றிய ஹோன் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்தார். கூடவே சிவப்பும் பச்சையுமாக ஒரு கோர்வை பல்ப். "தோணிக்கு முன்னால தோரணம் கட்டி இந்த லைட்டுகளப் போடுவம். துறைக்குக் கிட்டப் போகக்குள்ள ஹோன் அடிப்பம். படுவான்கரையே எழும்பி வரணும்" என்றார். ஹோனை யார் அமத்துவது என்ற கேள்வி வந்தது. நான் அழுது, உருண்டு, ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டு அந்த உரிமையைப் பெற்றேன். அதன்பிறகு அந்தக் கலியாணத்தில் எனக்கு வேறு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

பற்றரிக்காகக் காத்தான்குடியில் பஸ் வைத்திருந்த காக்கா ஒருவரிடம் போனோம்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். மாமா, சித்தப்பா, இவர்களுக்கு முன்னால் நான். கொட்டிலுக்குள் இரண்டு பற்றரிகள் இருந்தன. ஒன்று காரில் போடுவது. சின்னது, துடைத்து வைத்தது போல வடிவானது. மற்றது லொறியில் போடுவது. கறுத்து, ஊத்தை பிடித்து, ஒரு பெட்டகம் அளவுக்கு இருந்தது.

"இதில யோசிக்க என்ன இரிக்கி மச்சான்?" என்றார் சித்தப்பா. "சின்னத எடு. லொறிப் பற்றரிய ஏத்தினா தோணி தாழும். மாப்பிள்ள நீந்தித்தான் போகணும்."

காக்கா சிரித்தார். "தம்பி, நான் ஒண்டு சொல்றன். இந்தக் கார்ப் பற்றரி பழசு. ஹோன் அடிச்சா நல்லாக் கத்தும், லைட்டும் பளிச்செண்டு எரியும். ஆனா மூச்சுக் குறைவு. லொறிப் பற்றரி பாரம்தான். ஆனா பொறுமையா எரியும். உங்களுக்குச் சத்தம் வேணுமா, நேரம் வேணுமா? அத முதல்ல சொல்லுங்க."

"சத்தம்!" என்றேன் நான்.

"நேரம்" என்றார் மாமா.

அதற்குப் பிறகும் மாமா எடுத்த எடுப்பில் முடிவுசெய்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தார். திரும்பப் போனார். ஒவ்வொன்றிலும் விளக்கைப் பூட்டி எரியவிட்டு, கொட்டில் வாசலில் குந்தியிருந்து பார்த்தார். காக்கா பொறுமைசாலி. "பொண்ணக்கூட நீங்க இப்பிடிப் பாத்திருக்க மாட்டீங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். கடைசியில் லொறிப் பற்றரியே வந்தது. அதைத் தூக்கி வந்த சித்தப்பாவின் வேட்டியில் அசிட் சிந்தி, முதல் கழுவலோடு அது சல்லடையாய்ப் போயிற்று. சின்னம்மா கலியாணம் முடிந்தும் அதைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்.

கலியாணத்தன்று இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை விரித்து, வாழையும் தென்னங்குருத்தும் கட்டியிருந்தார்கள். முன்தோரணத்தில் சித்தப்பாவின் சிவப்பு பச்சை பல்புகள். அதற்குக் கீழே என் ஹோன். ஆனால் பற்றரியோடு வாங்கி வந்த, காரின் முன்விளக்குப் போன்ற பெரிய விளக்கை மாமா தன் கையாலேயே தோணியின் பின்பக்கத்தில், அதுவும் எங்கள் துறையைப் பார்த்தபடி கட்டினார். பற்றரியையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்.

"மச்சான், உனக்கு விசரா? நாம போறது அங்கால. லைட்ட இஞ்சால கிறுக்கித் திருப்பி வெச்சிரிக்காய். பின்னால வாற மீனுக்கா வெளிச்சம்?" என்றார் சித்தப்பா.

"அது அப்பிடியே இரிக்கட்டும் அத்தான்" என்றார் மாமா.

பொழுது சாயத் தோணி புறப்பட்டது. பெண்கள் குரவை போட்டார்கள். அம்மா ஆட்களோடு நிற்காமல் தள்ளிப்போய் ஆற்றோரத்துக் கண்ணா மரம் ஒன்றின் அடியில் நின்றார். நான் கையைக் காட்டினேனா என்று நினைவில்லை. ஹோனைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

சித்தப்பா என்னிடம் சொன்னது, துறைக்குக் கிட்டப் போனதும் அடிக்க வேண்டும் என்பது. எந்தத் துறை என்று அவர் சொல்லவில்லையே! எங்கள் துறையும் துறைதான் என்று புறப்பட்டதுமே ஓர் அமத்து அமத்தினேன். அதற்குப் பிறகு தோணிக்குள் இருந்த பெண்கள் குரவை போடும்போதெல்லாம் பதிலுக்கு நானும் ஹோன் அடித்தேன். அவர்களுக்கும் அது பிடித்துப்போய் இன்னும் குரவை போட்டார்கள். கொக்குகள் எல்லாம் கண்ணாப் பற்றைகளிலிருந்து எழும்பிப் பறந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை.

நடு ஆற்றில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியது. கம்பு ஊன்றியவர்கள் மூச்சு வாங்கினார்கள். தோணி நகர மாட்டேன் என்றது. நன்றாக இருட்டியும்விட்டது. நான் விடவில்லை. ஒரு பெரிய குரவைக்குப் பெரிய அமத்தாக அமத்தினேன், ஹோன் இறுகிக்கொண்டது. கையை எடுத்தாலும் அது நிற்கவில்லை. எருமை கத்துவது போல ஒரே கத்தல். சித்தப்பா அடித்தார், உதைத்தார், ஹோனையே அதட்டிப் பார்த்தார். விளக்குகள் எல்லாம் மஞ்சளாகி மங்கத் தொடங்கின.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இருந்த மாப்பிள்ளை ஒரே பாய்ச்சலில் எழும்பினார். தோணி ஆட, பெண்கள் "ஐயோ" என்று கத்த, பற்றரிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஹோனின் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. ஆனால் விளக்குகள் மங்கியபடியே இருந்தன. உடனே தோரண பல்புகளின் வயரையும் பிடுங்கினார். முன்பக்கம் கும்மிருட்டு. பின்விளக்கு மட்டும் மெல்ல மெல்லத் தெளிந்து எரிந்தது.

"மச்சான்! பொண்ணு வீட்டாருக்கு முன்னால இருட்டுல போய் இறங்கப் போறியா?"

"ஓம்."

"மானம் போகும்டா! அந்தப் பின்லைட்டக் கழட்டி முன்னுக்கு வை!"

"கழட்ட மாட்டன், அத்தான். மானம் போனாப் போகட்டும். இது நூரப்படாது."

மிச்ச வழி முழுக்க அவர் மாப்பிள்ளைக் கதிரையில் இருக்கவில்லை. பற்றரிக்குப் பக்கத்தில் குந்தி, காற்றில் வயர் கழன்றுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். நான் ஊமையான ஹோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

படுவான்கரைத் துறையில் பந்தங்களோடு ஒரு கூட்டம் நின்றது. முன்பக்கம் இருட்டாகவும் பின்பக்கம் பளிச்சென்றும் வந்து சேர்ந்த தோணியைக் கண்டு அவர்களுக்குச் சிரிப்புத் தாங்க முடியவில்லை. பெண்ணின் பெரியம்மா ஒருத்தி உரத்த குரலில் கேட்டாள்: "என்னகா இது, மாப்பிள்ள முன்பக்கமா வாறாரா, பின்பக்கமா வாறாரா?"

கரையே சிரித்தது. சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கால் வைக்க வெள்ளைத் துணி விரித்துக் காத்திருந்தார்கள். மாமா அதில் இறங்காமல், கிறுகித் திரும்பவும் தோணியின் பின்பக்கம் போனார். சுவிச்சைப் பிடித்து விளக்கை அணைத்தார், எரியவிட்டார், திரும்பவும் அணைத்தார், எரியவிட்டார். சிறிது நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. என் ஹோனைப் பிடுங்கிய மனிதர், தான் மட்டும் சுவிச்சில் விளையாடுகிறாரே! பிறகுதான் இறங்கிப்போய்த் தாலி கட்டினார்.

அடுத்த நாள் வீடு திரும்பியதும் அம்மாவிடம் முறைப்பாட்டை அவிழ்த்துவிட்டேன். ஹோனைப் பிடுங்கினது, முன்லைட் எல்லாம் நூந்தது, ஊரே சிரித்தது, ஒன்றையும் விடவில்லை. அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிரித்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாக்கும் என்று நினைத்தேன்.

"நூரல்லடி புள்ள" என்றார். "எனக்குக் கடைசி மட்டும் எரிஞ்சது. போய்ச் சேர்ந்து, நூத்து நூத்துப் பத்தவெச்சதும் தெரிஞ்சது."

பாவம், தூரத்தில் நின்றதால் அம்மாவுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த அகப்பையை எடுத்துத் தோணியாக வைத்து, "இது முன்பக்கம் அம்மா, இது பின்பக்கம். எரிஞ்சது பின்லைட். அது ஒருத்தருக்கும் உதவாத லைட்" என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அம்மா தலையை ஆட்டி ஆட்டி, முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.