மலைக்கோயிலில் பெண் பார்த்த கதை

அப்பா செத்த வீட்டில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முன்வரிசைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "தங்கமான மனுசன், யார் மனசும் நோக நடக்காதவர்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் துக்கத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியக்கார கிளார்க்" என்று கண்டி டவுன் முழுக்கப் பறையடித்தது இதே வாய்தான். வருடக்கணக்காக எங்கள் வாசலை மிதிக்காத மனிதர், பிணம் விழுந்த பிறகு புகழ வந்துவிட்டார்.

அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சட்டைப் பையில் மௌத் ஓர்கன், பையில் ரொட்டியும் சம்பலும், அட்டை கடிக்காமல் காலில் பூச ஒரு துண்டு சவர்க்காரம், கூடவே நான். ஹந்தானை மலைக்குக் கிளம்பிவிடுவோம். சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார். மழை பிடித்தால் தன் சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டு, வெறும் பெனியனோடு நனைவார். மேலே ஏதாவது ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் ஊதுவார், நான் பாடுவேன். பிசிறு தட்டினால் திட்டமாட்டார். ஊதுவதை நிறுத்திவிட்டு, நான் திரும்பவும் அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கும்வரை காத்திருப்பார்.

எங்கள் தெருவாருக்கு இது பெரிய வேடிக்கை. "கிளார்க்குக்கு மௌத் ஓர்கன் ஒரு கேடா?" என்பார்கள். தினமும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியவர்கள்தான். ஒருத்தர்கூட ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மாமா எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். டவுனில் மூன்று மாடிப் புடவைக்கடைக் குடும்பம். அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். துணி வாங்கப் போனால், அளவுகோலில் அளக்கிறபோது பெருவிரலை நைசாக நகர்த்தி ஓர் அங்குலம் திருடுவார். திருடிவிட்டுப் பல்லைக் காட்டுவார். அந்தப் பல்லை ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டுமா? சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

"ஒனக்கு இஷ்டமாம்மா?" என்று அப்பா ஒருத்தர்தான் கேட்டார்.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு இஷ்டமில்லை என்று அப்பாவுக்குப் புரிய அதுவே போதுமாக இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு வியாதி. யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. பக்கத்து வீட்டுக்காரர் குடை கேட்டால் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டு ஒபிசுக்குப் போவார். அப்படிப்பட்டவர் மாமாவிடம் எப்படி மறுப்பார்?

எங்கள் ஆட்களிடம் பெண்ணை முதலில் கோயிலில் வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. பிடிக்காவிட்டால், சாமி கும்பிட வந்தோம் என்று இரு தரப்பும் மரியாதையாகக் கலைந்துவிடலாம். "ஹந்தானை மேல தோட்டத்து அம்மன் கோயில்ல பாத்துக்குவோம். பொண்ணும் அங்கயே பாடும். நல்ல காத்து" என்றார் அப்பா. வேன் கோயில் வாசல்வரை போகும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். போகாது என்று அப்பாவும் சொல்லவில்லை. பாதி வழியிலேயே திரும்பி ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார், பாவம்.

வேன் நின்ற இடத்திலிருந்து ஏற்றம். முதல் நாள் பெய்த மழையில் புல்லெல்லாம் அட்டை. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, எங்கள் பரம்பரையையே முணுமுணுப்பில் திட்டியபடி ஏறினார். மாப்பிள்ளை வெள்ளைக் காற்சட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து. மாமா எல்லாருக்கும் முன்னால் போய் இளித்துக்கொண்டே, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்றார். ஒருத்தரும் திரும்பி ஓடவில்லை. வீம்புக்காரக் கும்பல்.

கோயில் வாசலில் நின்று பாடினேன். அப்பா ஊதினார். அம்மன் பாட்டு, மெதுவாக எடுக்க வேண்டியது. இரண்டாவது அடியிலேயே மாப்பிள்ளையின் அப்பா, "இந்தக் காணி யாருது? விலைக்கு வருமா?" என்று மாமாவிடம் ஆரம்பித்தார். மாமா தனக்குச் சொந்தமானது போலக் கையை நீட்டி நீட்டி எல்லை காட்டினார். மாப்பிள்ளை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "அம்மா, இன்னொண்ணு! ஐயோ, இங்கயும் ஒண்ணு!" என்று குதித்தார். அம்மன் முன்னால் அப்படி ஒரு கூத்து. நான் பாடி முடித்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பூசாரி மட்டும் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, தொலைந்தது சனியன், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது மாப்பிள்ளையின் அம்மா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"பொண்ணுக்கு மூச்சே வாங்கல, பாத்தீங்களா?" என்றார் புருஷனிடம். "நல்ல உரமான கால். மேல் மாடிக்குத் துணிக்கட்டு ஏத்துறதுக்கு ரெண்டு ஆள் நிக்கிறானுங்க. ஒருத்தன நிப்பாட்டிறலாம். எங்களுக்குப் புடிச்சிருக்குங்க!"

மாமா கையைத் தட்டினார். அம்மா அம்மனைக் கும்பிட்டாள். அப்பா என்னை வளர்த்த மலையே என்னைப் பிடித்து அவர்களிடம் கொடுத்துவிட்டது.

அப்பா மௌத் ஓர்கனைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டார்.

"இல்லீங்க" என்றார். "சரிப்படாதுங்க."

மாமாவின் முகம் செத்துப்போனது. "மச்சான்! என்ன பேசுறீங்க? வலிய வர்ற சீதேவிய..."

"எங்க வீட்டுப் புள்ளையில என்ன கொறையக் கண்டீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "எம்புள்ள பாடுச்சு. நீங்க ஒருத்தராவது வாய மூடுனீங்களா? காலத்தானே பாத்தீங்க? துணிக்கட்டு சொமக்குறதுக்கு நான் புள்ள வளக்கலீங்க. போயிட்டு வாங்க."

அவர்கள் இறங்கினார்கள். மாமா அவர்கள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடி, சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடினார். முதுகெல்லாம் சேறு. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அம்மா கோயில் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

அப்பா என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "தப்பாப் பேசிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா எழுந்து சரிவின் விளிம்புக்குப் போனார். கீழே வேனை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, மலையே அதிர, "இல்லீங்க!" என்று கத்தினார்.