மீன் பெட்டியில் முளைத்த பட்டாணி

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அப்பாவின் ஐஸ் பெட்டியிலிருந்து சூடை மீனின் வாடை போகாது; அந்த வாடைக்குள்தான் எங்கள் பட்டாணி முளைத்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாங்கள் திரும்பிப் போகாமல் நுரைச்சோலைப் பக்கமே தங்கிவிட்டோம். அப்பா சைக்கிளில் மீன் விற்றார். அக்கா மேசி பத்தாம் வகுப்பு. நான் அவளைவிட ஏழு வயது இளையவள்.

பாடசாலை விவசாயக் கண்காட்சிக்கு, இந்த மண்ணில் யாரும் போடாத ஒன்றை விளைவித்துக் காட்டுகிறேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். நுவரெலியா மலைக் குளிரில் விளையும் பட்டாணியைக் கடையில் காய்ந்த விதையாக வாங்கி, முதலில் மணலில் போட்டாள். சூட்டில் அவிந்து அழுகிப்போனது. அதன்பிறகு, அப்பா கழித்துப்போட்ட பெட்டியைக் கேட்டு வாங்கி, மீன் விற்று மிஞ்சிய ஐஸை ஒரு தகரத்திலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே பலகை போட்டு, ஆட்டெருவும் மண்ணும் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளைப் பலகையில் அடுக்கினாள். விடிந்ததும் பெட்டியைத் திறந்து கன்றுகளுக்கு வெளிச்சம் காட்டுவதும், வெயில் ஏறமுன் கிணற்றடி நிழலுக்கு இழுத்துப்போய் ஈரச் சாக்கால் மூடுவதும் என் வேலை. "ஒரேயடியா வெளியில விட்டா செத்துப்போகும்" என்று அக்கா ஒவ்வொரு நாளும் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பழக்கினாள். தை பிறக்கும்போது தென்னோலைக் கிடுகுப் பந்தலின் கீழ் பத்துக் கன்றுகளை நட்டாள். ஆறு கருகின, நான்கு கம்பைப் பற்றிக்கொண்டு ஏறி, வெள்ளையாகப் பூத்துக் காய்த்தன. விவசாயம் படிப்பித்த சேர் இரண்டு தரம் வீட்டுக்கே வந்து பார்த்து, "கெட்டிக்காரி" என்று சொல்லி, அம்மா கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

கண்காட்சியன்று காலையில் இரண்டு செடிகளை மண்ணோடு கிண்டி வாளியில் வைத்துக் கொண்டுபோனோம். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மண் இளகிக் கிடக்கு. நுவரெலியா லொறியில வந்ததை நேற்று நட்டிருக்கிறீங்க."

"இல்லை சேர். ஐஸ் பெட்டியில முளைக்க வைச்சு, வீட்டில நட்டு, இன்றைக்குக் காலையிலதான் கிண்டினது."

"மீன் பெட்டியிலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் என் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு பிள்ளை, எங்க வாங்கினது?" நான் பயத்தில் அழுதுவிட்டேன். "சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது" என்று சொல்லிப் புள்ளித் தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். என் கண்ணீரையே அக்காவுக்கு எதிரான சாட்சியாக்கினார். எல்லாம் தெரிந்த எங்கள் சேரோ, ஒரு கை எட்டும் தூரத்தில் நின்று கையிலிருந்த கோப்பின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாடசாலை அதிபரின் அறைக்கே போனார். பிந்திப் போட்ட இரண்டு கன்றுகள் அதற்குள் நின்றன. "என்ர பிள்ளை பொய்க்காரி இல்லை. பாருங்கோ" என்றார். அதிபர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முடிவு அனுப்பியாச்சு. ஒரு கண்காட்சிதானே, விடுங்கோ" என்றார். அந்தத் "தானே"யை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. வயல்களையும் விதைகளையும் படிக்க ஆசைப்பட்ட என் அக்கா, அதன்பிறகு விவசாயப் புத்தகத்தைத் தொடவேயில்லை. இப்போது இத்தாலியில் யாரோ வயதானவர்களைப் பராமரிக்கிறாள். அழுததற்காக என்னை ஒரு நாளும் அவள் குறை சொன்னதில்லை.

எங்கள் கிணறும் பந்தல் நின்ற இடமும் இன்று ஒரு ஹோட்டலின் மதிலுக்குள் போய்விட்டன. போன வருடம் தலவில தேவாலயத் திருவிழாவில் அந்தச் சேரைக் கண்டேன். ஓய்வுபெற்று, மெலிந்துபோயிருந்தார். அக்காவைச் சுகம் விசாரித்துவிட்டு, "அன்றைக்கு நான் கதைச்சிருக்கலாம் பிள்ளை" என்றார்.

பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்.

"ஓம் சேர், கதைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.