தேளாரின் டிரெய்லர்

படகு ஏற்றும் டிரெய்லர் செய்வதுதான் தேளாருக்கு இருபத்தேழு வருஷப் பிழைப்பு. வாயைத் திறந்தால் கொட்டுவார் என்பதால் அந்தப் பெயர். ஷாக் அப்சார்பர் என்று கேட்டாலே அவருக்குக் கொடுக்கு நிமிர்ந்துவிடும். பட்டறையில் அந்தச் சொல்லைத் தினமும் சொல்பவனோ அவர் மனைவியின் தம்பி.

அன்று ஒரு படகுக்காரர் தன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "மேஸ்திரி, ரோட்டுல தவளை மாதிரி துள்ளுது. படகோட அடியில விரிசலே விட்டுடுச்சு."

"ஷாக் அப்சார்பர் போடுவோம்னு அப்பவே சொன்னேன் மாமா" என்றான் மச்சான்.

"ஏன், படகுக்கு என்ன இடுப்பு வலியா? வாரத்துக்கு ரெண்டு தடவை உப்புத் தண்ணியில முங்குற வண்டிடா இது. உன் ஷாக் அப்சார்பர் ஆறே மாசத்துல துருப்பிடிச்சுச் செத்துடும். அடியில அடுக்கியிருக்குற ஸ்பிரிங் பட்டை ஒண்ணோட ஒண்ணு உரசுற உரசல்லயே ஆட்டம் அடங்கிடும். அது போதும்!"

கத்திக்கொண்டே வண்டிக்கு அடியில் புகுந்து பட்டைகளைத் தடவினார். விரல் வழுக்கியது.

"எந்த மடப்பய இதுக்குள்ள எண்ணெய் விட்டான்? உரசல் போனா துள்ளாம கொஞ்சுமா?"

"நீங்கதான் மேஸ்திரி" என்றார் படகுக்காரர். "போன மாசம் கிறீச்சுன்னு சத்தம் வருதுன்னேன். உங்க மச்சான் ஷாக் அப்சார்பர்னு ஆரம்பிச்சாரு. அவர் வாயை அடைக்கணும்னே நீங்க எண்ணெய் டப்பாவையே கவுத்தீங்க."

மச்சான் குனிந்து, கை துடைக்கும் துணியை நீட்டினான். தேளார் அதை வாங்கவில்லை. எண்ணெய்க் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.