தேசராணியின் ரெண்டாவது நாளும் நான் போட்ட டிக்கும்

அடுத்த வீட்டுப் பொம்பளைக்கு எப்போ தீட்டு வந்தது, எத்தனை கரு தங்கினது, எத்தனை கலைஞ்சதுன்னு கேட்டு எழுதுறதுக்குன்னே ஒரு வேலை இருக்கு; அதுக்குக் ‘கள ஆய்வாளர்’னு கௌரவமா ஒரு பேரும் இருக்கு. ஓட்டர் லிஸ்ட், மக்கள்தொகைக் கணக்கு, சொட்டு மருந்துன்னு வீடு வீடாக் கதவைத் தட்டி, நாய்கிட்டயும் மாமியார்கிட்டயும் கடி வாங்கினவங்க யாராவது இதைப் படிச்சா, கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் குடுங்க. நானும் உங்க கூட்டம்தான்.

சென்னை ஆஸ்பத்திரி ஒண்ணு பழவேற்காடு ஏரியைச் சுத்தி ஆராய்ச்சி நடத்தினது. புள்ளை தங்காத பெண்களோட சினைப்பை எப்படி வேலை செய்யுது, மாத்திரை குடுத்தா எத்தனை பேருக்குக் கரு நிக்குது, நின்னது நல்லபடியாப் பொறக்குதான்னு பாக்குற ஆராய்ச்சி. நான் திருப்பாலைவனத்துக்காரி, நெல்லு போடுற வீடு. பக்கத்து ஊர்தானேன்னு என்னை வேலைக்கு எடுத்தாங்க. பயிற்சியில மூணு விதி சொன்னாங்க. பொண்ணைத் தனியா வெச்சுக் கேளு. ரத்தக் குப்பியில பேர் எழுதாதே, நம்பர் எழுது. மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி சிறுநீர்ப் பட்டை போட்டு, கர்ப்பம் இல்லைன்னு பாத்துக்கோ. மூணையும் நோட்டுல அழகா எழுதிக்கிட்டேன். மூணையும் மீறினேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா யார்கிட்டயாவது சொல்லித்தானே ஆகணும்.

தேதி சொல்லத் தெரியாதவள்

முதல் வாரமே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனேன். ஏரித் தண்ணியில குந்திக் கையாலயே தடவித் தடவி இறால் பிடிக்கிற ஒரு அம்மா, கரையேறி ஈரப் புடவையைப் பிழிஞ்சுகினு இருந்தாங்க. கடைசியா எந்தத் தேதியில தலைக்கு ஊத்துனீங்கன்னு கேட்டேன். “முகத்துவாரத்துல மண்ணு மூடிக்கினு, ஊரே சேர்ந்து வெட்டி விட்டாங்களே, அதுக்கு மக்காநாளு” அப்படின்னாங்க. எனக்குச் சுர்ருனு வந்துடுச்சு. படிவத்துல முகத்துவாரத்துக்கெல்லாம் கட்டம் கிடையாது.

“ஒரு தேதி கூடவா ஞாபகம் வெச்சுக்க முடியாது?”ன்னு வாத்தியாரம்மா மாதிரி அதட்டிட்டேன். அந்த அம்மா கோவப்படல. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, “செரி, உனுக்கு எப்ப வந்துச்சு, சொல்லு”ன்னாங்க. நான் யோசிச்சேன். பதினஞ்சா, பதினேழா, சத்தியமாத் தெரியல. பேனாவைத் திறந்து மூடிக்கிட்டு நின்னேன். “பாத்தியா, உனுக்கே தெர்ல. எனுக்காவது முகத்துவாரம் தெரியும்.”

ஐஸ் பெட்டியில் யார் யார்

ரத்தம் எடுக்க காலையில ஒரு நர்ஸ் வந்துட்டுப் போவா. குப்பிகளை ஐஸ் பெட்டியில அடுக்கிப் பஸ்ஸுல கொண்டுபோய்ச் சேர்க்குறது என் வேலை. நம்பர் எழுதச் சொல்லியிருந்தாங்க இல்லையா? எந்த நம்பர் யாருதுன்னு எனக்குக் குழம்பும். அதனால என் சௌகரியத்துக்குப் பேரும் ஊரும் எழுதி ஒட்டிட்டேன். பழவேற்காட்டுல பஸ் ஏறினா, ஐஸ் பெட்டியைப் பாத்ததும் கண்டக்டர், இறாலுக்கு லக்கேஜ் போடணும்னு நின்னுட்டார். இறால் இல்லைன்னா நம்பல. சரி, பாத்துக்கோங்கன்னு மூடியைத் திறந்து காட்டினேன்.

பக்கத்துல உக்காந்திருந்த கோட்டைக்குப்பத்து மீன்காரம்மா எட்டிப் பாத்தாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க, என் நேரம். “தேசராணி, கோட்டைக்குப்பம்”னு சத்தமாப் படிச்சுட்டு, “அட, நம்ம பூங்காவனத்தோட மருமவ. டாக்டராண்ட மருந்து வாங்குற அளவுக்குப் போய்கிதா?”ன்னு பின் சீட்டைப் பாத்துச் சொன்னாங்க. பின் சீட்டுல பாதி கோட்டைக்குப்பம்தான். நான் மூடியைப் போட்டு அழுத்துறதுக்குள்ள மீதிப் பேரையும் படிச்சு முடிச்சாச்சு. கண்டக்டர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிதானமாச் சொன்னார்: “இத்தினி பேரைக் கூட்டினு வந்துட்டு ஒரே ஒரு டிக்கெட் எடுத்துகிறியேம்மா.”

பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன். அதுதான் இப்பவும் எனக்கு உறுத்துது.

மறுநாள் கோட்டைக்குப்பத்துத் தண்ணிக் குழாயில தேசராணிதான் பேச்சு. அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ரெண்டு தடவை கரு நின்னு, ரெண்டும் மூணாம் மாசம் முடியறதுக்குள்ள கலைஞ்சிருந்தது. இது அது வரைக்கும் வீட்டோட இருந்த விஷயம். இப்போ ஏலக்கூடத்துல நண்டு எடுக்க நின்னாக்கூட எல்லார் கண்ணும் அவ வயித்து மேலதான். நான் அடுத்த மாசம் போனப்போ அவளே சொன்னா: “நல்லா இருக்கியான்னு யாரும் கேக்கறதில்லக்கா. இன்னா ஆச்சுன்னுதான் கேக்கறாங்க.”

மாமியார் முன்னாடி ஒரு கேள்வி

மாத்திரை குடுக்குற நாள் வந்தது. அந்த மாத்திரையைத் தீட்டு வந்த ரெண்டாவது நாள் ஆரம்பிச்சு அஞ்சு நாள் போடணும். அது கரு உண்டாகறதுக்கு முன்னாடி போடுற மாத்திரை. கரு உண்டான வயித்துக்கு ஆகாது. இதைத்தான் பயிற்சியில திருப்பித் திருப்பிச் சொன்னாங்க.

தேசராணி வீட்டுக்கு நான் போறப்போ உச்சி வெயில். பூங்காவனம் அம்மா வாசல்ல நண்டு உடைச்சுகினு இருந்தாங்க. தேசராணி பக்கவாட்டுச் சுவரோரம் தனிப் பாயில, தனித் தட்டு தனிச் சொம்போட உக்காந்திருந்தா. அந்த ஊர்ல அந்த மூணு நாளும் பொண்ணுங்க வலையைத் தொட மாட்டாங்க, படகு பக்கம் வர மாட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே மாமியார் பதில் சொல்லிட்டாங்க: “நேத்துலருந்து தூரமாகிறா. வலையாண்ட வராத குந்திகினுகிறா.” எனக்கு ஒரே சந்தோஷம். தேடி வந்த ரெண்டாவது நாள் தானா வந்து உக்காந்திருக்கு. “ரெண்டாவது நாளா தேசராணி?”ன்னு அங்கிருந்தே கேட்டேன். அவ மாமியாரைப் பாத்தா. அப்புறம் தலையை ஆட்டினா.

பட்டை பையிலதான் இருந்தது. தீட்டுல இருக்கிறவளுக்கு எதுக்குக் கர்ப்பச் சோதனைன்னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டு, ‘செய்யப்பட்டது’ங்கிற கட்டத்துல டிக் போட்டேன். முதல் மாத்திரையை என் கண் முன்னாடி முழுங்கணும். “அப்பால போட்டுக்கறேன்கா”ன்னா. “அதெல்லாம் முடியாது, ரூல்ஸ்”னேன். நான் ரூல்ஸ் பேசினதைக் கவனிச்சீங்களா? மாமியாரே தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. தேசராணி வாயில போட்டுத் தண்ணி குடிச்சா. அந்தம்மா எனக்கு ரெண்டு நண்டைக் காகிதத்துல சுத்திக் குடுத்து வழியனுப்பினாங்க: “நீ நிம்மதியாப் போம்மா, மீதி நாலையும் நானே பக்கத்துல நின்னு முழுங்க வெக்கறேன்.”

டச்சுக் கல்லறை வாசலில்

ஆறு வாரம் கழிச்சு, பழவேற்காட்டுல பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு டச்சுக்காரங்க கல்லறை மதில் நிழல்ல ஒதுங்கினேன். தேசராணி மீன் கூடையோட அங்க வந்தா. எனக்காகத்தான் காத்திருந்திருக்கா. சுத்திலும் யாரும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் பேசினா. “மூணு மாசம் ஆவப்போவுதுக்கா.” நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். மாத்திரை குடுத்து ஆறு வாரம்தான் ஆச்சு. மறுபடியும் போட்டேன். அப்பவும் அதே ஆறு வாரம்தான்.

நான் போன அன்னிக்கு அவளுக்குத் தீட்டே இல்லை. நாள் தள்ளிப்போயிருந்தது. முந்தி ரெண்டு தடவையும் ஊருக்குத் தெரிஞ்ச கையோட கலைஞ்சதால, இந்தத் தடவை கொஞ்ச நாளைக்காவது யார் வாயிலயும் விழக் கூடாதுன்னு நினைச்சிருக்கா. பஸ்ஸுல பேர் அடிபட்டதுலருந்து ஊரே நாள் எண்ணிக்கிட்டு இருந்தது. அதனால மூணு நாள் தூரமா இருக்கிற மாதிரி சுவரோரம் பாய் போட்டு உக்காந்துட்டா. மாமியாருக்கே தெரியாது. அந்தப் பாயைப் பாத்துத்தான் நான் டிக் போட்டேன்.

“மாத்திரையை முழுங்கினியா?”ன்னு கேட்டேன். நாலைக் கன்னத்துல ஒதுக்கி வெச்சு, வாய் கொப்பளிக்கிற சாக்குல துப்பியிருக்கா. மூணாவது நாளோடது மட்டும் தண்ணியோட உள்ள போயிடுச்சாம். தொண்டையில விரல் விட்டுப் பாத்தாளாம், வரலையாம். அதுலருந்து சோறு இறங்கலக்கான்னா. குழந்தைக்கு ஏதாவது ஆவுமான்னு கேட்டா. தெரியாதுன்னேன். அவ அழல, திட்டல. கூடையைத் தலையில தூக்கி வெச்சுகினு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: “எழுதறதுக்கு முன்ன என்னை ஒரு தபா வெளிய கூப்ட்டு கேட்டிருக்கக் கூடாதாக்கா?”

எல்லா டிக்கும்

நேரா டாக்டர்கிட்ட ஓடினேன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு. ஓடல. ரெண்டு நாள் ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல போயிட்டு வந்தேன். படிவம் பாக்க எவ்வளவு லட்சணமா இருந்தது தெரியுமா? மாத்திரை உட்கொண்டார், ஆம். கருத்தரித்தார், ஆம். அப்படியே குடுத்தா மாத்திரைக்கும் பேர், எனக்கும் பேர். என் டிக் வெளிய வரவே வராது. ஆனா கரு நின்ன வயித்துக்குள்ள மாத்திரை போனது தெரியாததால, தேசராணியை யாரும் உடனே ஸ்கேன் பண்ணிப் பாக்க மாட்டாங்க. இவ்வளவும் யோசிச்சேன்கிறதைச் சொல்றதுக்குத்தான் கூசுது.

மூணாவது நாள் போய் நின்னுக்கிட்டே சொன்னேன். ஆராய்ச்சியை நடத்தின டாக்டரம்மா நான் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசல. முதல் வேலையாத் தேசராணியை மறுநாள் வரச் சொன்னாங்க. ஸ்கேன்ல குழந்தையோட துடிப்பு தெரிஞ்சது. ஒரு மாத்திரையால கெடுதல் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா அஞ்சாம் மாச ஸ்கேன் பாக்காம உறுதி சொல்ல மாட்டேன்னு அவகிட்ட நேராவே சொன்னாங்க. அவளை அனுப்பிட்டு என் பக்கம் திரும்பினாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன், திட்டியிருந்தா எவ்வளவோ தேவலை. “இது ஒண்ணுதானா சுகுணா, இல்ல நீங்க போட்ட எல்லா டிக்கையும் நான் சந்தேகப்படணுமா?”

எட்டாம் மாசத்துக் குழந்தை

ஒண்ணு மட்டும் இல்லை. வெயில் கொளுத்தின நாள்லயெல்லாம் அப்படித்தான் போட்டிருந்தேன். அத்தனை வீட்டுக்கும் வேற ஆள் திரும்பப் போனாங்க. நல்லவேளை, வேற யாருக்கும் இப்படி ஆகல. தேசராணி பேரை ஆராய்ச்சிக் கணக்குலருந்து எடுத்தாங்க. மாத்திரைப் பையை என்கிட்டருந்து வாங்கிட்டு, குழந்தை பொறந்த வீடுகளுக்குப் போய் எழுதுற வேலையை மட்டும் விட்டு வெச்சாங்க. அஞ்சாம் மாச ஸ்கேன் அன்னிக்கு நானும் வெளி பெஞ்சுல உக்காந்திருந்தேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லைன்னு வந்தது. தேசராணி என்னைத் தாண்டிப் போறப்போ நின்னு, “நல்லாகிது”ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

பொம்பளைப் புள்ளை பொறந்தது. எழுத வேண்டிய படிவத்தோட போனேன். வாசல்லயே பூங்காவனம் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு குடுத்த மாத்திரையில பொறந்த புள்ளைன்னு என்னை நிறுத்திக் காட்டினாங்க. அவங்க கணக்குப்படி எட்டாம் மாசமே பொறந்துடுச்சாம். எட்டு மாசத்துலயே இவ்வளவு எடைன்னா மாத்திரை எப்பேர்ப்பட்டதுன்னு பாத்துக்கச் சொன்னாங்க. உள்ள குழந்தைக்குப் பால் குடுத்துகினு இருந்த தேசராணி நிமிர்ந்து என்னையே பாத்தா. உண்மையைச் சொன்னா அவ மாமியாரை ஏமாத்தினது வெளிய வரும். சொல்லலைன்னா என்னைக் கும்பிடுறாங்க. நான் சொல்லல. கூட்டத்துக்குப் பின்னாடி தலை குனிஞ்சு நின்ன ஒரு சின்னப் பொண்ணைப் பூங்காவனம் அம்மா என் முன்னாடி இழுத்து நிறுத்தினாங்க. “எங்க ஓரகத்தி மருமவ. நாலு வருசமா ஒண்ணும் இல்ல. இவளுக்கும் உன் ராசியான கையாலயே குடுத்துட்டுப் போம்மா.”

கேள்வி கேக்கறதையே வேலையா வெச்சிருந்த நான், கேக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேக்க வேண்டிய இடத்துல கேக்காம விட்டதுக்காகத்தான், கோட்டைக்குப்பத்துல இன்னிக்கும் எனக்கு நல்ல பேர்.